நடுவில் அளந்த கரை

“போர்வையோட ஓரத்துல அளந்து பார்டர் வெட்டாதீங்க... நடுவுல அளங்க.”

தாரணி நிமிர்ந்தாள். மாம்பழ நிறத் துணியில் கத்தரியை வைத்தபடி அந்தக் கடைக்காரன் நின்றிருந்தான். தி.நகர்த் தெருவில் மழை கொட்டியது. அதை ரசித்துச் சிரிப்பதுபோல் இருந்தன அவன் கண்கள்... சே, என்ன நினைப்பு இது!

“துணி வாங்க வந்தேன். பாடம் கேக்க இல்ல.”

“குழந்தைப் போர்வைன்னு சொன்னீங்களேன்னு...”

“வெட்டுங்க.”

சிரித்துக்கொண்டே வெட்டினான். அந்தச் சிரிப்பு மந்தைவெளியில் அவள் வீடு வரைக்கும் கூடவே வந்தது. பில்லில் பெயர் இருந்தது... கணேசமூர்த்தி.

கரை நான்கு அங்குலம் என்பதை அவள் ஆறு மாதமாகத் தாளில் போட்டு, அழித்து, முடிவு செய்திருந்தாள். இரண்டு என்றால் நாடா போல இருக்கும். ஐந்து என்றால் நடுவிலுள்ள கட்டங்களை விழுங்கிவிடும். ஆனால் இன்றுவரை துணி மட்டும் வாங்கவில்லை. அக்கா நிஷாவின் முதல் பிரசவத்துக்கு முன்பே முழுதாகத் தைத்த போர்வை, அந்தக் குழந்தை தங்காததால் விரிக்கப்படாமலே அலமாரிக்குள் போயிருந்தது. அதனால் இந்த முறை பழைய சேலைத் துண்டுகளில் நடுப்பகுதி மட்டும். கரை, பிள்ளை முகம் பார்த்த பிறகுதான்.

நேற்று அக்காவுக்கு மகள் பிறந்துவிட்டாள், நல்லபடியாக.

அன்று மாலையே இரண்டு பக்கமும் கரை வைத்துத் தைத்தாள். ஓரத்தில்தான் அளந்தாள், வீம்புக்கு. விரித்துப் பார்த்தால்... பொரித்த அப்பளம் போல நெளிந்தது.

போய்க் கேட்டால் என்ன? மாட்டேன். அப்படியே ஒன்பது நாள் போயிற்று. நாளைக்குக் குழந்தையைத் தொட்டிலில் போடும் விழா. வேறு வழியின்றி, மழையில், பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கடையேறினாள்.

“அதே துணி... இன்னும் ஒரு மீட்டர் இருக்கா?”

‘சொன்னேன்ல?’ என்பான் என்று காத்திருந்தாள். அவன் சொல்லவில்லை. போர்வையை மேஜையில் விரித்து, டேப்பின் ஒரு முனையை அவள் கையில் கொடுத்தான். ஓரத்தில் முப்பத்தேழு. நடுவில் முப்பத்தைந்து.

“பழைய சேலை பாருங்க, ஓரம் இழுபட்டு நீண்டுரும். அந்த நீளத்துக்கே கரையும் வெட்டிட்டீங்க.”

“பாழாயிடுச்சா?” கண் நிறைந்து வழிந்தது.

“ஐயோ, கண்ணைத் தொடைங்க முதல்ல! நீளமா வெட்டுனது நல்லதாப் போச்சு. பிரிச்சு, ரெண்டையும் முப்பத்தஞ்சா நறுக்கி, நடுவோட நடுவைச் சேர்த்துத் தைங்க. படிஞ்சிரும். புதுத்துணியே வேண்டாம்.”

கண்ணைத் துடைத்தாள்; ஒன்பது நாள் பயம் விலகியது. கூடவே இன்னொரு பயம் தலைநீட்டியது.

“இதெல்லாம்... உங்க வீட்டுல அவங்க சொல்லிக் குடுத்ததா?”

“எவங்க?” விழித்தான். பிறகு சிரித்தான். “அப்படி யாரும் இல்லீங்க. அக்கா மகளுக்கு நானே தச்சேன். உங்களுது அப்பளம்னா, என்னுது முறுக்கு!”

தாரணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்கக் குனிந்தபோதுதான் மேஜைக்கடியில் பார்த்தாள். மாம்பழ நிறத் துணி, மடித்து வைத்தபடி. மேலே ஒரு சீட்டு: விற்பனைக்கு அல்ல.

“துணி இருக்கே!”

அவன் காதுமடல் சிவந்தது. “நீங்க திரும்பி வந்தா வேணுமேன்னு... இல்ல, நீங்க வரணுமேன்னு. யாருக்குடா இதுன்னு அப்பா தினம் கேக்காரு.”

“அப்புறம் ஏன் வேண்டாம்னு சொன்னீங்க?”

“அழுறவங்ககிட்ட தேவையில்லாததை எப்படி விக்கிறது?”

வெளியே மழை விட்டிருந்தது. போகலாம். கால் நகரவில்லை.

“வேற கடையில வேற கலர் வாங்கியிருக்கலாம்...” டேப்பைப் பார்த்தபடியே சொன்னாள். “நான் துணிக்காக மட்டும் வரல.”

அவன் அந்தச் சீட்டை எடுத்துக் கசக்கினான்.

“நாளைக்குத் தொட்டில், பத்து மணிக்கு. டேப்போட வாங்க. நடுவுல அளக்க இன்னொரு முனையைப் பிடிக்க ஆள் வேணும்.”

“நாளைக்கு மட்டுமா?”

தன் முனையை இன்னும் விடாமலே பிடித்திருப்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. விடவில்லை.

“இல்ல...” என்றாள்.