கருவி அறையில் ஒரு பட்டாசுக்காரன்

மழை பிடித்துக்கொண்ட மதியம்... விருதுநகர்க் கல்லூரி ஒன்றின் வேதியியல் துறை. கருவி அறையில் ஹாதியா மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். எதிரே மின்தராசு. தூசி விழுந்தால்கூட எண் மாறிவிடும். கடைசி எண் ஆடி ஆடி... இதோ நிற்கப் போகிறது...

அப்போதுதான் அந்த உள்ளங்கை வந்தது. முழு உள்ளங்கை, அதுவும் ஈரமான உள்ளங்கை, தராசின் மேல் அழுத்தமாகப் பதிந்தது.

"என்ன செய்றீக நீங்க?"

நிமிர்ந்தாள். சொட்டச் சொட்ட நனைந்த ஒருவன். வெறுங்கால். கையில் சின்ன டப்பா. நெற்றி முடியிலிருந்து ஒரு துளி இறங்கி இமையில் வந்து நின்றது. அதற்குக் கீழே இரண்டு கண்கள்... திருதிருவென்று விழிக்கும்போதும் இவ்வளவு அழகாக இருக்க அந்தக் கண்களுக்கு யார் அனுமதி கொடுத்தது? ஹாதியாவுக்குக் கோபம் வந்தது. தராசுக்காகவா, கண்களுக்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை.

"மன்னிச்சுக்கோங்க மேடம். பேரு ஃபரீத். அச்சங்குளத்துல பட்டாசுக் கம்பெனி வச்சிருக்கேன். எங்க கம்பெனில எந்த ரூமுக்குள்ள போனாலும் வாசல்ல செம்புத் தகடு இருக்கும். அதத் தொட்டு ஒடம்புல உள்ள கரண்ட எறக்கிட்டுத்தான் நுழைவோம். இங்கன தகட்டக் காணோம். அதான் கண்ணுல பட்ட இரும்ப..."

"அது தராசு."

"இப்பத் தெரியுது."

மூலையில் இருந்த ஆராய்ச்சி மாணவி ஓவியா வாயைப் பொத்திக்கொண்டாள்.

வந்த காரியம் இதுதான். பட்டாசில் பேரியம் சேர்க்கக் கூடாது. பட்டாசு மருந்துக்கு வாங்கும் உப்பில் அது கலந்து வந்துவிட்டால் கம்பெனிக்குப் பூட்டு. அதைச் சோதித்துச் சொல்ல வேண்டும். அதற்கான கருவி ஹாதியாவின் பொறுப்பில் இருந்தது. பழைய, பெரிய கருவி. யார் எதைக் கொடுத்தாலும் குறை கண்டுபிடிக்கும், வெயில் ஏறினால் முறுக்கிக்கொள்ளும் என்பதால் துறையில் அதற்குப் பெயர் 'மாமியார்'. ஹாதியா ஒருத்திக்குத்தான் அது அடங்கும்.

அன்று மாமியார் குறையேதும் சொல்லவில்லை. ஃபரீத் நன்றி சொல்லிவிட்டுப் போனான். அத்தோடு போயிருக்க வேண்டும் அல்லவா? அடுத்த வாரம் வெம்பக்கோட்டை அணைத் தண்ணீரோடு வந்து நின்றான். அதற்கடுத்த வாரம் ஏதோ வெள்ளைப் பொடி. பிறகு இன்னொரு வெள்ளைப் பொடி, "புதுப் பட்டாசு மருந்து" என்று.

பொடியைச் சோதித்துப் பார்த்த ஹாதியா நிதானமாகச் சொன்னாள். "இது சீனி."

"அப்படியா? கம்பெனில யாரோ டப்பாவ மாத்திட்டாக போல..."

"போன வாரம் கொண்டாந்தது சாப்பாட்டு உப்பு. அதுவும் மாத்துனதா?"

அவன் தரையில் எதையோ தேடினான்.

"அடுத்த வாரம் காபித்தூள் வரும்க்கா," என்றாள் ஓவியா, அவன் போனதும். "பாலு மட்டும் நாம வாங்கி வச்சுருவோம்."

ஹாதியா அவளை முறைத்தாள். ஆனால் மனசு... அது, அவன் வரும் வியாழக்கிழமை ஆனாலே வாசலைப் பார்க்கத் தொடங்கியிருந்தது. அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது. நன்றாகவே பிடித்திருந்தது. அதை ஒத்துக்கொள்ள இவள் என்ன லேசுப்பட்டவளா?

சீசன் தொடங்கியதும் அவன் உண்மையான உப்போடு வந்தான். சிவகாசியில் அவனுடைய தாய்மாமா சம்சு நடத்தும் கடையிலிருந்து வந்த முதல் லோடு. ஹாதியா குடுவையை எடுத்து உப்பைக் கரைத்தாள். அவன் பக்கத்திலேயே நின்று, அணையில் மழைத் தண்ணீர் ஏறும் அழகைச் சொல்லிக்கொண்டே இருந்தான். குரல் அப்படியே காதுக்குள்...

கருவி எண்ணைக் காட்டியது. பேரியம் இருக்கிறது.

ஃபரீதின் முகம் கறுத்தது. "இருக்காது. எங்க மாமா சரக்குல கலப்படம் இருக்காது. ஒங்க மாமியாருதான் தப்பாச் சொல்லுது."

ஹாதியாவுக்குச் சுருக்கென்றது. "ஏழு வருசமா நான் பாத்துட்டு வர்ற கருவிங்க இது. தப்பாச் சொல்லாது. நானும் சொல்ல மாட்டேன்."

"அப்ப எங்க மாமாதான் திருடரா?"

"அத நீங்கதான் அவுககிட்டக் கேக்கணும்."

அவன் முடிவுத்தாளை வாங்கிக்கொண்டான். "எழுத்துல பேப்பர்ல வந்துருச்சு. இனி நான் லோடத் திருப்பித்தான் ஆகணும். அதோட மாமா உறவும் போச்சு. வர்றேன் மேடம்."

போயே விட்டான்.

இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் ஆத்திரம் தாங்கவில்லை. மிச்சமிருந்த உப்பை மறுபடி சோதித்து, அந்த முடிவையும் அவன் முகத்தில் எறிய வேண்டும் என்று கிளம்பினாள். புதுக் குடுவை எடுத்தாள். கரைத்தாள். கருவி சுழியம் காட்டியது. மறுபடி பார்த்தாள். மறுபடியும் சுழியம்.

அப்போதுதான் நினைவு வந்தது. அன்றைக்கு... கருவியைச் சரிபார்க்கப் பேரியக் கரைசல் வைத்திருந்த குடுவை. அதைக் கழுவாமலே அவன் உப்பைப் போட்டுக் கரைத்திருக்கிறாள். முதல் வருட மாணவர்கள் செய்தால் அறையை விட்டே விரட்டுவாளே, அந்தத் தப்பு.

ஃபரீதுக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை. எப்படி எடுப்பான்? பட்டாசுக் கம்பெனிக்குள் யார் போனும் போகக் கூடாது. எல்லாம் வாசல் பெட்டியில் கிடக்கும்.

"அக்கா, நாளைக்குச் சொல்லிக்கலாம்ல?" என்றாள் ஓவியா.

"அதுக்குள்ள லோடு போயிரும்டி. அவுக மாமா உறவும் போயிரும்."

தப்பே செய்யாத ஹாதியா என்ற பெயரும் இன்றோடு போகும். போகட்டும் என்று பஸ் ஏறினாள்.

அச்சங்குளத்தில் கம்பெனி வாசலில் வேன் நின்றது. மூட்டைகள் ஏறிக்கொண்டிருந்தன. வேனுக்கு அந்தப் பக்கம் உர்ரென்று ஃபரீத். இந்தப் பக்கம், நரைத்த தாடியோடு அதைவிட உர்ரென்று ஒருவர். சம்சு மாமா என்று சொல்லாமலே தெரிந்தது.

"லோட எறக்கச் சொல்லுங்க," என்றாள் மூச்சிரைக்க. "ஒங்க சரக்குல பேரியம் இல்ல. கல்லூரியில சோதனை செய்ற ஹாதியா நாந்தான். தப்பு என்னோடது. பேரியம் இருந்த குடுவையக் கழுவாம அதுல ஒங்க உப்பப் போட்டுட்டேன்."

சம்சு இடுப்பில் கை வைத்தார். "எம்புட்டு வருசமா இந்த வேலை பாக்குறீக?"

"ஏழு வருசம்."

"இதுக்கு முன்னாடி கழுவ மறந்தது உண்டா?"

"இல்ல மாமா... இல்லங்க."

"அப்ப அன்னைக்கு மட்டும் என்னம்மா வந்துச்சு?"

மூட்டை தூக்குபவர்கள் நின்றுவிட்டார்கள். பொய் சொல்லலாம். கரண்ட் போய்விட்டது எனலாம். ஆனால் அந்த மனிதரின் நாணயத்துக்குத் தன்னால் விழுந்த கறையை இன்னொரு பொய்யால் துடைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"அன்னைக்கு இவுக பக்கத்துல நின்னாக," என்றாள். "இவுக பேசிக்கிட்டு இருந்தாக. வேற எதுவும் எனக்கு ஓடல."

ஹாதியாவின் காது மடல்வரை சூடேறியது. இப்படியே திரும்பி விருதுநகர்வரை நடந்தே போய்விடலாமா...

"என்னைய மருந்து ரூமுக்குள்ள விட மாட்டேங்காக," என்றான் ஃபரீத் திடீரென்று.

"என்னது?"

"ரெண்டு நாளாச்சு. எங்க சூப்பர்வைசர் முருகேஸ்வரி அக்கா, 'நெனப்பு வேற எங்கயோ இருக்குற ஆளு உள்ள வந்தா எல்லாரும் மேல போயிருவோம்'னு வெளிய போட்டுட்டாக. கம்பெனி என்னோடது. ஆனா நான் ஆபீஸ்ல ஒக்காந்து லேபிள் ஒட்டிக்கிட்டு இருக்கேன்." அவன் கண்கள் இப்போது தரையைத் தேடவில்லை. "ஒங்க நெனப்புதாங்க. ஒங்கள எனக்கு அம்புட்டுப் பிடிக்கும்."

மழை தூறத் தொடங்கியது. யாரும் நகரவில்லை.

"ஏலே, என்ன பாத்துக்கிட்டு நிக்கீக? மூட்டை நனையுது, எறக்குங்கலே," என்று சம்சு ஆட்களை அதட்டினார். பிறகு ஹாதியாவின் பக்கம் திரும்பினார். முகத்தில் அந்த உர் போயிருந்தது.

"ஒங்க வாப்பா பேரு என்னம்மா? வீடு விருதுநகர்ல எங்கன?"

எதற்குக் கேட்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. நாணம் வந்தது... ஆனாலும் பெயரைச் சொன்னாள், தெருவைச் சொன்னாள், அவர் தேடி அலையக் கூடாதே என்று கதவு எண்ணையும் சேர்த்தே சொன்னாள்.