ஈரம் காயாத நூல்

உப்பு ஜாடியின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டியிருந்தது.

காலையில் அவளே அந்த ஜாடியைத் திறந்து உப்பு எடுத்திருந்தாள். அப்போது நூல் இல்லை. இப்போது மணி நாலு ஆகப்போகிறது. நடுவில் வீட்டுக்குள் ஒரு ஈ, காக்கைகூட வரவில்லை.

அந்த வீட்டில் சிவப்பு நூலுக்கு ஒரே அர்த்தம்தான். அவள் கணவர் வீடுவீடாகப் போய்ப் பூச்சி மருந்து அடிப்பவர். மிச்சமாகும் மருந்தைக் கைக்குக் கிடைத்த டப்பாவில் எல்லாம் கொட்டிவைப்பார். கொட்டிய கையோடு அதன் கழுத்தில் சிவப்பு நூலைக் கட்டிவிடுவார். எழுதி ஒட்டினால் சின்னதுக்குப் படிக்கத் தெரியாதே! நூல் கட்டியதைத் தொடக்கூடாது என்பது ஒன்பது வயதுப் பெரியவனுக்கும் ஐந்து வயதுச் சிட்டுவுக்கும் அத்துப்படி. அவளுக்கும்தான்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் இதே நாலு மணிக்கு, பள்ளிக்கூடம் விட்டு வந்த இருவருக்கும் பால் ஆற்றிக் கொடுத்தாள். சர்க்கரை தீர்ந்திருந்தது. அலமாரியில் இன்னொரு டப்பாவில் வெள்ளையாக ஏதோ இருந்தது. மளிகைக் கடையிலிருந்து வந்த சர்க்கரை என்று நினைத்துப் பாலில் போட்டாள். அதன் கழுத்தில் நூல் இல்லை. சத்தியமாக இல்லை. ஆனால் போலீசில் அவள் கணவர் சொன்னார்: "நான் கட்டித்தான் வெச்சிருந்தேன் சார். அவதான் அவுத்திருக்கணும்."

அந்த ஒரு வாக்கியத்தில் அவள் பெற்ற பிள்ளைகளுக்கு விஷம் வைத்தவள் ஆனாள். சொன்ன அதே மனிதர்தான் மூன்று நாளைக்கு முன் ஜாமீனுக்குக் கையெழுத்துப் போட்டு வீட்டுக்குக் கூட்டி வந்தார். ஏன் என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

அவள் ஜாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கணவர் ஒரே முடிச்சுப் போட்டு பிளேடால் நறுக்குவார். இதில் ஒன்றின் மேல் ஒன்றாக நாலு முடிச்சு. நூலின் நுனி பிசிறாக இருந்தது. பல்லால் கடித்த நுனி. தொட்டாள், விரலில் எச்சில் ஈரம் ஒட்டியது.

சிட்டு அப்படித்தான் கட்டுவாள். ஷூ லேஸானாலும் பொம்மைச் சடையானாலும் நாலு முடிச்சு. அப்பாவுக்கு ஒண்ணு, அம்மாவுக்கு ஒண்ணு, அண்ணனுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. முடிச்சு நழுவாமலிருக்க அண்ணன் தன் ஆள்காட்டி விரலை அதன் மேல் அழுத்திக்கொண்டு நிற்பான். முடிந்ததும் டக்கென்று கடித்துத் துப்புவாள்.

வாசல் கேட் திறந்தது. மருந்து வாடைதான் முதலில் உள்ளே வந்தது, பிறகு முதுகில் டேங்கோடு கணவர், அவருக்குப் பின்னாலேயே ஒரு கல். ஜன்னல் கண்ணாடி பொலபொலவென்று உதிர்ந்தது.

"பெத்த புள்ளைங்களக் கொன்னவளுக்கு வீடு ஒரு கேடா? வெளிய அனுப்புய்யா அவள!" எதிர்வீட்டு மெக்கானிக்கின் குரல். மூன்று நாளாக இதே பாட்டுதான். இன்றைக்கு நாலைந்து பேர் சேர்ந்து பாடினார்கள்.

அவர் கதவைத் தாழிட்டார். அவள் ஜாடியை நீட்டினாள்.

"என்னங்க, இத நீங்க கட்டினீங்களா?"

அவர் முகம் வெளிறியது. "என்னடி விளையாட்டு இது?"

"நான் கட்டல. முடிச்சப் பாருங்க. நாலு இருக்கு."

ஜாடியைத் தட்டிவிட்டார். அது சுவரில் மோதிச் சிதறியது. உப்பு படுக்கையறைக்குள்வரை தரையெல்லாம் வெள்ளையாகப் பரவியது. இருவருமே அந்த வெள்ளையைப் பார்த்தார்கள். 

அப்போது காய்ச்சிய பாலின் வாடை வந்தது. இந்த மூன்று நாளில் அவள் பால் வாங்கவே இல்லை.

படுக்கையறையில் டக்கென்று ஒரு சத்தம்.

அவர் ஓடினார். அவளும் பின்னால் போனாள். அறையில் யாரும் இல்லை. ஆனால் ஆணியில் தொங்கிய அவருடைய சட்டையின் காலரைச் சுற்றிச் சிவப்பு நூல். கட்டிலடியில் அவர் செருப்பில் நூல். அவர் சீப்பில், கண்ணாடியில், தண்ணீர் பாட்டிலில், எல்லாவற்றிலும் நாலு நாலு முடிச்சு. பக்கத்திலேயே கிடந்த அவள் சேலையில் இல்லை. அவள் சீப்பில் இல்லை.

"நீதான் கட்டுற! என்னப் பைத்தியமாக்கப் பாக்குற!" அவள் தலைமுடியைப் பற்றிச் சுவரில் மோதினார். உதடு கிழிந்து வாயெல்லாம் ரத்தம் உப்புக் கரித்தது. இரண்டாவது முறை மோதக் கையை ஓங்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

ஓங்கிய கையின் மணிக்கட்டில் நூல்.

பிளேடை எடுத்து அறுத்தார். நூல் அறுபடவில்லை. தோல் அறுந்தது. ரத்தம் கொட்டக் கொட்ட மறுபடி மறுபடி அறுத்தார். கை முழுக்கச் சிவப்பு. எது நூல், எது ரத்தம் என்று தெரியவில்லை.

"சிட்டு... வேணாண்டி கண்ணு... நான் உங்கப்பாடி..." அவர் மண்டியிட்டார். "பொம்மைக்குச் சடை கட்ட நூல் கேட்டா. நூல்கண்டு தீந்துபோச்சு. டப்பாவிலேர்ந்து அவுத்துக் குடுத்தேன். சாயங்காலம் வேற கட்டிக்கலாம்னு..."

 இரண்டு மாதம். சிறைத் தரையில் தினம் தினம் தன் கண்ணையே நம்பாமல் கிடந்த இரண்டு மாதம்.

வாசல் கதவில் இரும்புக் கம்பியின் அடி விழுந்தது. கட்டை விரிசல் விட்டது.

"வாங்க." அவள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "வெளிய வந்து இத அப்படியே சொல்லுங்க. ஒரு தடவ சொல்லுங்க, போதும்."

அவர் தலையை ஆட்டினார். "சொன்னா என்னக் கொன்னுடுவாங்க. நீ எப்படியும்... உன் பேரு ஏற்கெனவே கெட்டாச்சு."

பால் வாடை குமட்டியது.

அவர் கழுத்தில் ஒரு சிவப்புக் கோடு தோன்றியது. மெல்லியது. பிறகு இறுகியது.

ஒன்று.

அவர் கண்கள் பிதுங்கின. அவள் பாய்ந்து நூலுக்கடியில் நகத்தை நுழைத்தாள். நகம் உடைந்தது. இரண்டு. தொண்டைக் குழிக்கு மேலே, முடிச்சின் மீது, தோல் சின்னதாக உள்ளே அமுங்கியிருந்தது. ஒரு சிறுவனின் விரல் அளவுக்கு.

"பெரியவனே, விரல எடுடா! அப்பா சொல்லட்டும்டா! அம்மாவுக்காக எடுடா!"

மூன்று.

கதவு பெயர்ந்து விழுந்தது. மெக்கானிக் முதலில் வந்தார், கையில் கம்பியோடு. அவர் பார்த்தது இதைத்தான்: உப்பு. ரத்தம். பிளேடு. புருஷனின் கழுத்தில் அவளுடைய இரண்டு கைகள்.

"புருஷனையும் முடிக்கிறாடா!"

முதல் அடி தோளில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. நாலு கைகள் அவளை அவரிடமிருந்து பிய்த்தெடுத்தன. "நூல அறுங்க! அவரு உயிரோடதான் இருக்காரு! அவரு சொல்லுவாரு!" என்று அலறினாள். முகத்தைத் தரையில் வைத்து அழுத்தினார்கள். வாயில் உப்பு புகுந்தது.

அவள் கண்ணுக்கு நேரே அவர் கழுத்து. உதடுகள் அசைந்தன. சொல்லத்தான் பார்த்தார்.

எனக்கு ஒண்ணு.

டக்.

தொண்டையில் இருந்த அந்தச் சின்னக் குழி மெல்ல மேலே எழும்பிச் சமமானது. பெரியவன் விரலை எடுத்துவிட்டான்.