காலியான சர்க்கரை டப்பா

விடிந்து வீடு திரும்பிக் கதவைத் திறந்ததும் அந்த அம்மாளின் கண்ணில் முதலில் பட்டது சர்க்கரை டப்பாதான். விருந்தாளிகளுக்கென்று அலமாரி மேல்தட்டில் ஒதுக்கி வைத்திருந்த டப்பா, சாப்பாட்டு மேஜையில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. உள்ளே ஒரு துளி சர்க்கரை இல்லை. அதற்கு அந்தப் பக்கம், சாய்வு நாற்காலியில், அவள் வீட்டுக்காரர் செத்துப் போயிருந்தார். ஜாம் கம்பெனியில் காலமெல்லாம் பாட்டிலுக்கு லேபிள் ஒட்டி ஓய்வு பெற்றவர். தெருவுக்கே அவர் லேபிள்காரர்.

காலை எட்டு மணிக்கு இன்ஸ்பெக்டரம்மா வந்து சேர்ந்தாள். சர்வீஸ் முடிய இன்னும் ஒரு மாதம்தான். இந்த நேரத்தில் ஒரு பிணமா என்று அலுத்துக்கொண்டேதான் வந்தாள். கூட வந்த கான்ஸ்டபிள் டப்பாவைப் பார்த்தார், பிணத்தைப் பார்த்தார், கேஸை முடித்தே விட்டார்.

"சுகர் பேஷண்ட், மேடம். மூணு வருஷமா இன்சுலின் ஊசி. பொண்டாட்டி ராத்திரி மகள் வீட்டுக்குப் போயிருக்காங்க. கேட்க ஆள் இல்லைன்னதும் மனுஷன் ஆசை தீர அள்ளிக் கொட்டிக்கிட்டார்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சட்டை முழுக்க வேர்வை ஊறிக் காய்ந்த தடம். சர்க்கரை ஏறிச் செத்தவனுக்கு இப்படியா வேர்க்கும்? இன்ஸ்பெக்டரம்மாவுக்கு மனசு ஒப்பவில்லை.

சாயங்காலம் பிணத்தை அறுத்துப் பார்த்த டாக்டர் போனில் சொன்னது தலைகீழாக இருந்தது. சர்க்கரை ஏறவில்லை, அடியோடு இறங்கித்தான் ஆள் போயிருக்கிறார். உடம்பு தாங்காத அளவு இன்சுலின். விஷம் இல்லை, காயம் இல்லை. வயிற்றில் ஒரே ஒரு ஊசித் தடம், அவ்வளவுதான் என்று சொல்லி வைத்துவிட்டார்.

அப்படியானால் இது கொலை என்றார் கான்ஸ்டபிள், கொஞ்சமும் கூச்சப்படாமல் கட்சி மாறி. ஃபிரிட்ஜில் இருந்த இன்சுலின் பேனா ஊசிகளையெல்லாம் சோதனைக்கு அள்ளிக்கொண்டு வந்தார். அந்த அம்மாள் ஃபிரிட்ஜ் கதவைப் பிடித்தபடி, "எல்லாத்தையுமா எடுக்கிறீங்க?" என்று கேட்டாளாம்.

"செத்தவருக்கு இனிமே எதுக்கும்மா ஊசி?" என்று பதில் சொன்னதை அவரே பெருமையாக வந்து சொன்னார்.

தெருவில் விசாரித்தார்கள். லேபிள்காரர் ஓய்வு பெற்றபோது மருந்துக் காப்பீட்டைத் தன் பெயருக்கு மட்டும் எடுத்துக்கொண்டாராம். பெண்டாட்டியை அம்போ என்று விட்டுவிட்டார் என்று அவளே நாலு பேரிடம் சொல்லிப் புலம்பியிருக்கிறாள். போதாதா? மனசுக்குள்ளேயே வைத்துக் கறுவிய பெண்டாட்டி, ஊசி, சாவு. கான்ஸ்டபிள் அவளைக் கைது செய்யத் துடித்தார்.

அந்தக் காப்பீட்டுச் சமாசாரம் இன்ஸ்பெக்டரம்மாவுக்குத் தலைகீழ்ப் பாடம். அவளுக்கும் அதே தலைவலிதான். வேலையை விட்டதும் ஆபீஸ் காப்பீடு ஆஸ்பத்திரிக் கட்டிலோடு நின்றுவிடும். மாத்திரை, ஊசி வேண்டுமென்றால் துணைக் காப்பீடு தனியாக எடுக்க வேண்டும். அதற்கு வாய்ப்பும் ஒரே தடவைதான். ஏற்கனவே இருக்கிற நோய்க்குத் தம்பிடி தரமாட்டார்கள், புதிதாக வந்தால்தான் தருவார்கள். அவள் புருஷன் இதய நோயாளி. அவளுக்கு ஒரு தும்மல் கூடக் கிடையாது. யார் பெயரில் எடுப்பது, எடுத்து என்ன பிரயோஜனம் என்று ஒரு மாதமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

மறுநாள் காப்பீட்டுக் கம்பெனியின் நர்ஸ் வந்தாள். மருந்து வாங்குகிறவர்கள் அதை நிஜமாகவே போட்டுக்கொள்கிறார்களா, வெளியில் விற்கிறார்களா என்று வீடு வீடாகச் சரிபார்ப்பது அவள் வேலை. லேபிள்காரர் செத்துப்போன அன்று இருட்டுகிற நேரத்தில் அவர் வீட்டுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போயிருக்கிறாள்.

"உங்க கண் முன்னால போட்டுக்கிட்டாரா?"

"ஆமாம் மேடம். ராத்திரி ஊசி. டாக்டர் எழுதின அதே அளவு. நானே எட்டிப் பார்த்தேன்."

"வேற ஏதாவது பேசினாரா?"

"பேனாவைக் கையில வெச்சுக்கிட்டு, வலிக்குமாம்மான்னு கேட்டார். தமாஷ் பண்றார்னு நானும் சிரிச்சேன்."

சோதனைக்குப் போன ஊசிகளும் திரும்பி வந்துவிட்டன. அத்தனையும் அசல் மருந்து, ஒரு கலப்படமும் இல்லை. சரியான மருந்து, சரியான அளவு, பழகிய நோயாளி, போதாக்குறைக்கு ஒரு டப்பா சர்க்கரை வேறு தின்றிருக்கிறார். அப்புறமும் சர்க்கரை இறங்கிச் செத்தார் என்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

மூன்றாம் நாள் அந்த அம்மாளை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். வந்து உட்கார்ந்ததும் தண்ணீர் கேட்டாள். ஒரு கூஜா காலி. மறுபடி கேட்டாள். நடுவில் இரண்டு தடவை பாத்ரூம் போய் வந்தாள். அடுத்த தம்ளரை வாங்கக் கை நீட்டியபோது விரல் நுனிகளில் கறுப்பாகப் புள்ளி புள்ளியாக ஏதோ தெரிந்தது. இன்ஸ்பெக்டரம்மா தம்ளரைக் கொடுக்காமல் அந்தக் கையையே பிடித்துக்கொண்டாள்.

தினமும் குத்திக் குத்திச் சர்க்கரை பார்க்கிற கை அது. இன்ஸ்பெக்டரம்மா உடனே டாக்டருக்குப் போன் போட்டாள். லேபிள்காரரின் விரல்களில் குத்திய தழும்பு இருந்ததா? இல்லை. வயிற்றில், தொடையில் பழைய தடம், தடிப்பு ஏதாவது? ஒன்றுமே இல்லை, அன்றைக்கே சொன்னேனே, ஒன்றே ஒன்றுதான் என்றார் டாக்டர், கொஞ்சம் எரிச்சலாக.

இன்ஸ்பெக்டரம்மா நர்ஸையும் வரவழைத்தாள். கதவைச் சாத்தினாள்.

"அன்னிக்கே டாக்டர் ஒரு ஊசித் தடம்னு சொன்னார். யாரோ ஒரே ஊசியில கொன்னுட்டாங்கன்னு நாம அர்த்தம் பண்ணிக்கிட்டோம். மூணு வருஷமா ஊசி போடுற உடம்புல ஒண்ணே ஒண்ணு எப்படி இருக்கும்? ஒருத்தருக்கும் தோணலை, எனக்கும் சேர்த்துத்தான். அவர் அன்னிக்குத்தான் முதல் தடவையா ஊசி போட்டார். அவருக்குச் சர்க்கரையே கிடையாது." அந்த அம்மாள் பக்கம் திரும்பினாள். "சர்க்கரை உங்களுக்கு. இல்லையா அக்கா?"

அதுவரை மேடம், விசாரணை என்று ஓடிய பேச்சில் அந்த 'அக்கா' விழுந்ததும் அவள் உடைந்துபோனாள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள். அவளுக்கு இருபது வருஷமாகச் சர்க்கரை. காப்பீட்டுக்காரன் அவள் பெயரைக் கேட்டதுமே கை விரித்துவிட்டான். ஊசி வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. அதனால் அவர் தன் பெயரில் எடுத்தார். பிறகு ஒரு நாள் இருவருக்கும் ரத்தம் எடுக்க வீட்டுக்கு ஆளை வரவழைத்தார். அவன் கை கழுவப் போன சமயத்தில் இரண்டு குழாயின் பெயர்ச்சீட்டையும் மாற்றி ஒட்டிவிட்டார். அதுதான் அவர் தொழிலாயிற்றே, சுருக்கம் கூட விழவில்லையாம். வைத்தியம் பார்த்த டாக்டர் நிமிர்ந்து ஆளைப் பார்த்தால்தானே? காகிதத்தைப் பார்த்து ஊசி எழுதிக் கொடுத்தார். சந்தேகம் வரக்கூடாது என்று, தன்னை அம்போ என்று விட்டுவிட்டாரென்று தெருவெல்லாம் சொல்லச் சொன்னதும் அவர்தான்.

"அந்த ஊசி விடியற வரைக்கும் வேலை செய்யும்" என்றாள் இன்ஸ்பெக்டரம்மா. "நர்ஸ் போனதும் டப்பாவை எடுத்துச் சர்க்கரையைத் தின்னிருக்கார். படபடப்பு நின்னிருக்கும். தப்பிச்சோம்னு நாற்காலியில சாய்ஞ்சிருக்கார். தூக்கத்துல மறுபடி இறங்கியிருக்கு."

"ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா பொழைச்சிருப்பாரே" என்றாள் நர்ஸ். முகத்தில் ஈயாடவில்லை.

"போனா எதுக்கு ஊசி போட்டேன்னு கேட்பாங்க. இவங்களுக்கு அப்புறம் மருந்து ஏது?"

நர்ஸ் தன் வேலையைத்தானே செய்தேன் என்று முனகினாள். யாரும் அவளைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் அவள் இதைக் கம்பெனியில் சொல்லித்தான் ஆகவேண்டும். சொல்லாவிட்டாலும் ஒன்றும் மாறப்போவதில்லை, ஆள் போனதோடு காப்பீடும் போயிற்று.

"கொன்னது யாருன்னு எழுதட்டும் மேடம்?" என்று கான்ஸ்டபிள் மெதுவாகக் கேட்டார்.

"அவரேதான். தன் கையாலதான் போட்டுக்கிட்டார். அப்படியே எழுதுங்க."

அதைச் சொல்ல அவளுக்கே வெறுப்பாக இருந்தது. ஊசிகளை எடுத்துவரச் சொல்லி அந்த அம்மாளிடம் கொடுத்தாள். அவள் முந்தானையை ஒதுக்கி, பேனாவில் அளவு வைக்கிற திருகியைப் பழகிய கையால் திருப்பினாள். கொஞ்சம் யோசித்து, பாதி தூரம் பின்னால் திருப்பினாள்.

"ஏன்க்கா குறைக்கிறீங்க? டாக்டர் சொன்ன அளவு அது இல்லையே?"

"பாதி பாதியா போட்டா ரெட்டிப்பு நாள் வரும்மா."

அதற்கப்புறம் என்று இன்ஸ்பெக்டரம்மா கேட்கவில்லை. கேட்டால் பதில் தன்னிடம்தான் இருக்கவேண்டும் என்று தெரிந்து வாயை மூடிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், காப்பீட்டைத் தன் பெயரிலேயே எடுத்துவிட்டதாகப் புருஷனிடம் சொன்னாள். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, நல்லதாப் போச்சு, நீயாவது பத்திரமா இரு என்றார். நிஜமாகவேதான் சொன்னார், பாவம். அவள் செருப்பைக் கூடக் கழற்றாமல் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"உங்க நெஞ்சு வலி முதல்ல எப்படி ஆரம்பிச்சது? ஒண்ணு விடாம சொல்லுங்க, கேட்டுக்கிறேன்."