ஐஸ் பெட்டியும் ரிட்டர்ன் டாக்டரும்

மழைக்குப் பயந்து ஓடிவந்தவள், ஆஸ்பத்திரி லேப் வாசலில் நேராக அவன் மேலேயே மோதினாள். கையிலிருந்த தெர்மாகோல் பெட்டி நழுவி விழ... ஐஸ் கட்டிகள் அவன் ஷூவைச் சுற்றிச் சிதறின. நல்லவேளை, ரத்த டியூப் ஒன்றுகூட உடையவில்லை.

"ஐயையோ... ஐஸா?" என்றான் அவன், பேயைக் கண்டவன் மாதிரி.

"ஐஸ்தான் சார். உங்க ஷூ ஒண்ணும் கரைஞ்சுடாது!"

நிமிர்ந்து முறைத்தாள். அடடா, என்ன கண்கள்! இமை நுனியில் ஒரு மழைத்துளி விழட்டுமா வேண்டாமா என்று நின்றது. அவனுக்குச் சொல்ல வந்தது மறந்தே போனது. டியூப்களைப் பொறுக்கி, "பொட்டாசியம் பார்க்கணுமா? குடுங்க" என்று வாங்கிக்கொண்டான்.

அவன்தான் அந்த லேபின் பயோகெமிஸ்ட்ரி டாக்டர். அவள் பக்கத்துக் கட்டடத்தில் செல் ஆராய்ச்சி செய்பவள். அவள் ஆராய்ந்துவரும் ஒரு நோயில், நோயாளிகளின் ரத்த அணு பொட்டாசியத்தை உள்ளே பிடித்து வைக்க முடியாமல் வெளியே விடுகிறது என்பது அவள் கட்சி. நாளை விஞ்ஞானி வேலைக்கு இன்டர்வியூ. ரிப்போர்ட் கைக்கு வந்தால் வேலை அவளுக்குத்தான்.

சாயங்காலம் எண்கள் வந்தன. எல்லாமே எகிறியிருந்தன. அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை... அவன் வாயைத் திறக்கும் வரைக்கும்.

"இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன் மேடம்."

"ஏன்? உங்க மெஷின் மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?"

"மெஷின் சரியாத்தான் இருக்கு. டியூப் எவ்ளோ நேரம் ஐஸ்ல இருந்துச்சு?"

"காலைலேர்ந்து! செல்லுன்னா ஐஸ்லதான் வைப்போம். எனக்கே பாடம் எடுக்கறீங்களா? குளிர்ல செல்லோட பம்ப் நின்னு..."

சட்டென்று நிறுத்தினாள். பொட்டாசியத்தைச் செல்லுக்குள் இழுத்து வைப்பதே அந்தப் பம்ப்தான்; அது நின்றால் பொட்டாசியம் வெளியே கசியும். இதைத்தானே வருஷக்கணக்காக உட்கார்ந்து படித்தாள்! கசிய வைத்தது நோய் இல்லை... அவள் போட்ட ஐஸ். பழக்க தோஷம் காலை வாரிவிட்டது.

முகம் சிவந்தது. ஒரு நன்றிகூடச் சொல்லாமல் எண்கள் இருந்த தாளை மட்டும் எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டாள். இவன் முன்னால் அழுவதா? நடக்காது!

அறைக்குப் போய் அந்தத் தாளையே வெறித்தாள். எரிச்சலாக வந்தது. அப்புறம்... புருவம் உயர்ந்தது. அட! எல்லா டியூபும் ஒரே பெட்டியில், ஒரே நேரம்தான் இருந்தன. ஆனால் சிலதில் கொஞ்சம்தான் கசிந்திருக்கிறது, சிலதில் கொட்டோ கொட்டென்று கொட்டியிருக்கிறது. ஏன்?

மறுநாள் இன்டர்வியூவில் தன் தப்பை அவளே முதலில் போட்டு உடைத்தாள். "இதுலேர்ந்து ஒரு நல்ல கேள்வி கிடைச்சிருக்கு. அதுக்குப் பதில் கண்டுபிடிக்க என்னால முடியும்" என்றாள். குரலில் துளி நடுக்கம் இல்லை. வேலை கிடைத்தது.

மழை விட்ட சாயங்காலம் அதே வாசலில் வந்து நின்றாள். கையில் டியூப்கள். ஐஸ் இல்லை.

"தேங்க்ஸ் சொல்லாம போயிட்டேன்... தப்புதான். வேலை கிடைச்சாச்சு. இனிமே உங்க லேப் இல்லாம என் வேலை ஓடாது. ஆனா ஒரு சந்தேகம்."

"கேளுங்க."

"உங்களுக்கு ஊரெல்லாம் ரிட்டர்ன் டாக்டர்னுதான் பேராமே? சாம்பிள்ல லேசாக் குறை இருந்தாலும் வாசல்லயே திருப்பி அனுப்பிடுவீங்களாம். அன்னிக்கு ஐஸைக் கண்ணால பார்த்தீங்க. என்னோடத மட்டும் ஏன் வாங்கினீங்க?"

மாட்டிக்கொண்டான்! காது நுனி வரை சிவந்துபோனது.

"சொல்லத்தான் வாயைத் திறந்தேன்... நீங்க நிமிர்ந்து பார்த்தீங்க. எல்லாம் மறந்துபோச்சு. இத்தனை வருஷத்துல நான் பண்ணின ஒரே தப்பு அதுதான். உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்குங்க... வேண்டாம்னா இப்பவே என்னைத் திருப்பி அனுப்பிடுங்க."

அவள் சிரித்தாள். டியூப்களை அவன் கையில் வைத்தாள். தன் விரல்களை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை.

"திருப்பி அனுப்புறது உங்க பழக்கம் டாக்டர். எனக்குக் கிடையாது. எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு... நான் வெச்சுக்கறேன்."