முப்பத்தாறு படம், ஒரு வினாடி வெளிச்சம்

அந்தக் கவர் மற்ற கவர்களோடு சேர்ந்துதான் வந்தது. திங்கட்கிழமை, காலை பத்து மணி. தபால்காரர் சாக்கை மேசையில் கவிழ்த்துவிட்டுப் போனார். ஊர் ஊராக ஃபிலிம் ரோல்களைத் தபாலில் அனுப்புவார்கள். நாங்கள் கழுவி, பிரிண்ட் போட்டு, தபாலிலேயே திருப்பி அனுப்புவோம். கழுவுவது நான். பிரிண்ட் போடுவது சோடாபுட்டி அண்ணன். மூக்கில் இருக்கும் கண்ணாடியை மேசையெல்லாம் தேடுகிற மனிதர், ஆனால் படத்தில் ஒரு தூசி இருந்தால் விடமாட்டார். இந்த போட்டோ லேபில் மொத்தமே நாங்கள் இரண்டு பேர்தான்.

கவருக்குள் ரோலோடு ஒரு துண்டுச் சீட்டு இருந்தது.

"சார், இதுல என் மக இருக்கா. போன மாசம் காய்ச்சல்ல போயிட்டா. வேற போட்டோ கிடையாது. பாத்துப் பண்ணுங்க."

கீழே பஸ் டிரைவர் என்று எழுதி, விலாசம். இதை மட்டும் உயிரைக் கொடுத்துச் செய்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே டார்க் ரூமுக்குள் போனேன். கை பாட்டுக்குச் செய்கிற வேலையில் மனசு குறுக்கே புகுந்தால் என்ன ஆகும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

டார்க் ரூமில் கண்ணுக்கு வேலை இல்லை. ரோலைத் திறந்து, ஃபிலிமை இழுத்து, நுனியை வெட்டி, சக்கரத்தில் சுற்றி, டப்பாவுக்குள் வைத்து மூடியைத் திருகும்வரை எல்லாம் தடவித் தடவித்தான். சொட்டு வெளிச்சம் ஆகாது. மூடிவிட்டால் லைட் போடலாம். அன்று மேசையில் இரண்டு டப்பாக்கள் இருந்தன. ஒன்றில் ஃபிலிமை வைத்தேன். மூடியைத் திருகினேன். லைட்டைப் போட்டேன்.

நான் மூடியிருந்தது காலி டப்பாவை.

ஒரு வினாடிதான். பதறி அணைத்தேன். ஆனால் கழுவி எடுத்தபோது முப்பத்தாறு படமும் கன்னங்கரேலென்று இருந்தது.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். துணிச்சல் வரவில்லை. வெளிச்சம் பட்ட ஃபிலிம் கறுத்துப்போகும். படமே எடுக்காத ஃபிலிம் கழுவினால் கண்ணாடி மாதிரி வெறுமையாக வரும். தொழில் தெரிந்தவள் இல்லையா நான்? கறுத்ததைக் குப்பையில் போட்டேன். புது ரோல் ஒன்றைப் பிரித்துக் கழுவி, அந்த வெறும் ஃபிலிமை அவர் கவரில் வைத்தேன். 'படம் பதிவாகவில்லை' என்று அச்சடித்த சீட்டையும் சேர்த்து ஒட்டினேன். பழியைத் தூக்கி அந்த மனிதர் தலையிலேயே போட்டுவிட்டேன்.

பத்து நாளில் பதில் வந்தது.

"சார், நான் என் கையாலதான் எடுத்தேன். ரெட்டைச் சடை, முன்பல்லு ஒண்ணு விழுந்திருக்கும். இன்னொரு தடவை தேடிப் பாருங்க. அவ முகம் எனக்கு மறந்துக்கிட்டே வருது."

நான் பதில் போடவில்லை. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் சோடாபுட்டி அண்ணன் கூப்பிட்டார்.

"ஏம்மா, இந்தப் பாப்பா யாரு?"

மேசையில் மூன்று வீட்டுப் படங்கள். ஒன்று கடற்கரை. ஒன்று புது கார் முன்னால் நிற்கும் குடும்பம். ஒன்று ஏதோ ஆபீஸ் வராண்டா. மூன்று ரோலும் வேறு வேறு ஊர். மூன்றிலும் ஓரமாக ஒரு சிறுமி. ரெட்டைச் சடை.

கண் கூசுகிற மாதிரி ஒரு கையால் கண்ணை மறைத்திருந்தாள். வராண்டாவில் வெயிலே இல்லை.

"யாராவது சொந்தக்காரங்க புள்ளையா இருக்கும் அண்ணே."

"மூணு வீட்டுக்கும் ஒரே சொந்தக்காரங்களா?"

மறுநாள் ஐந்து ரோலில் இருந்தாள். ஒவ்வொன்றிலும் முன்பைவிடக் கொஞ்சம் கிட்டே வந்திருந்தாள்.

பயத்தில் எனக்குத் தோன்றியது ஒன்றுதான். கடற்கரைப் படத்தில் அவளை மட்டும் பெரிதாக்கி ஒரு பிரிண்ட் போட்டேன். 'திரும்பத் தேடியதில் ஒரு படம் கிடைத்தது' என்று இன்னொரு பொய் எழுதி, அவருக்கு அனுப்பிவிட்டேன்.

அதோடு நின்றது. யார் படத்திலும் அவள் இல்லை. வீடு போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று நிம்மதியாக மூச்சு விட்டேன்.

இன்று காலை அவரிடமிருந்து கவர் வந்தது. உள்ளே ஒரு ரோல், ஒரு கடிதம்.

"அம்மா, என் மக வந்துட்டா. போட்டோவச் சொல்லல, அவளேதான். வெளிச்சம் பட்டா அழுவுறா. வீட்டுல எல்லா பல்பையும் கழட்டிட்டேன், ஜன்னலையும் அடைச்சிட்டேன். இருட்டுலயே உக்காந்து பேசிக்கிட்டு இருக்கோம். இருட்டுலயே ஒரு ரோல் எடுத்திருக்கேன். சார்னு எழுதுனதுக்கு மன்னிச்சிடுங்க, ஆன்ட்டிதான்னு அவதான் சொன்னா. இந்தத் தடவை லைட்டப் போட்டுடாதீங்கம்மா."

லைட்டைப் பற்றி நான் ஒரு உயிரிடமும் சொன்னதில்லை.

ரோலைக் குப்பையில் எறியப் போனேன். கை வரவில்லை. ஒரு தகப்பனுக்கு ஒரு தடவை செய்த பாவம் போதும். டார்க் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

ரோலைத் திறந்தேன். ஃபிலிமை இழுத்தேன். நுனியை வெட்டக் கத்தரிக்கோலைத் தேடினேன். வைத்த இடத்தில் இல்லை.

காய்ச்சல் உடம்பின் சூடு பக்கத்தில் தெரிந்தது.

கத்தரிக்கோலின் பிடி மெதுவாக என் உள்ளங்கையில் வைக்கப்பட்டது.

சுவிட்ச் கைக்கு எட்டுகிற தூரம். ஒரு வினாடி தட்டினால் போதும், பக்கத்தில் நிற்பது என்னவென்று தெரிந்துவிடும்.

ஆனால் ஃபிலிம் கையில் திறந்து கிடந்தது.

"நான் போடமாட்டேன்டா," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

வெட்டினேன். சுற்றினேன். ஒரே ஒரு டப்பாதான் வைத்திருந்தேன். உள்ளே வைத்து மூடியைத் திருகி, இரண்டு தரம் தடவிப் பார்த்தேன். மூடித்தான் இருந்தது. இந்தத் தடவை நான் தப்புச் செய்யவில்லை. அழுகையே வந்துவிட்டது.

இனி லைட் போடலாம். சுவரைத் தடவிக்கொண்டே கையை நகர்த்தினேன்.

சுவிட்ச் இருக்கும் இடத்தில் ஐந்து சின்ன விரல்கள் பொத்திக்கொண்டு இருந்தன.