மீதி ஒன்று

"செத்த நேரம் மாட்டைப் பிடிங்க சார். கணக்கைப் பொறவு பார்க்கலாம்."

முனீஸ்வரி எரிந்து விழுந்தாள். மாடுகளுக்கு நம்பர் போட்ட காதுவில்லை குத்தி, செல்லில் பதிவது அவள் வேலை. அதற்காகத்தான் ராஜபாளையத்திலிருந்து இரண்டு பஸ் மாறி சுந்தரபாண்டியம் வந்திருந்தாள். இந்த மனிதரோ கயிற்றை விட்டுவிட்டு, தன் செவலைப் பசுவின் காதில் அவள் குத்திய மஞ்சள் வில்லையையே பார்த்துக்கொண்டிருந்தார். மாடு துள்ளியதில் சேறெல்லாம் அவள் சேலையில்...

"338200019641," என்று வாசித்தார் மாரீஸ்வரன். டியூஷன் எடுக்கிற கணக்கு வாத்தியார். "மேடம், இந்த நம்பரை ரெண்டால வகுத்தா மீதி ஒண்ணு. மூணால வகுத்தாலும் ஒண்ணு. பத்து வரைக்கும் எதால வகுத்தாலும் அதே ஒண்ணுதான் மிஞ்சுது."

"அப்ப அது நாந்தான்," என்றாள், சேற்றைத் துடைத்துக்கொண்டே. "அண்ணந்தம்பிக நாலு பேரும் எல்லாத்தையும் பங்கு வச்சுக்கிட்டாக. மிஞ்சுனது நான் ஒருத்தி. மாசத்துக்கு ஒருத்தர் வீட்டுல சோறு."

விளையாட்டாகத்தான் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. மழை பிடித்துக்கொண்டது... தொழுவத்துக் கூரையடியில் அந்தக் கண்கள் அவளை நிமிர்ந்து பார்த்தன. முப்பத்தேழு வயசில் எதற்கு இப்படிப் படபடக்கிறது...

பிறகு தடுப்பூசிக்கு வந்தாள். செவலைக்குச் சினை பார்க்க வந்தாள். ஒருநாள் அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"வீடு வீடா எதுக்கு அலையணும் மேடம்? இங்க நானும் ஒத்தையிலதான் கெடக்கேன்..."

அவளுக்குச் சுருக்கென்றது.

"பாவம்னு நெனச்சு யாரும் என்னைய வச்சுக்கிட வேண்டாம் சார்."

அவர் முகம் சுண்டிப்போனது. அதற்கப்புறம் ஒரு பேச்சும் இல்லை.

ஆவணி மழையில் அவரிடமிருந்து போன் வந்தது. அம்மை கண்டு செவலை செத்துப்போச்சு.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் மாறும்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. மாடு இறந்ததாகச் செல்லில் பதிந்துவிட்டால் அந்த நம்பர் முடிந்தது. அந்த வீட்டுக்குப் போக இனி ஒரு காரணமும் இருக்காது...

தென்னை மரத்தடியில் குழியை மூடியிருந்தார்கள். தொழுவத்தில் வெறும் கயிறு. கழுவித் துடைத்த வில்லையை நீட்டினார் அவர்.

"பதிஞ்சுருங்க மேடம்."

செல்லை எடுத்தும் பட்டன்மேல் விரல் போகவில்லை அவளுக்கு.

"அன்னைக்குக் கேட்டீகளே... பாவம்னுதான் கேட்டீகளா?"

அவர் வில்லையைத் தொழுவத்துத் திண்டில் வைத்தார்.

"பிள்ளைகளுக்கு மீதியை ஓரமா எழுதி வைக்கத்தான் சொல்லிக்குடுப்பேன். நீங்க போன பொறவு எனக்கு அந்த ஒண்ணு மட்டுந்தான் மனசுல ஓடுச்சு. அது எனக்கு வேணும்னுதான் கேட்டேன். கேக்கத் தெரியல முனீஸ்வரி."

முதல் முறையாகப் பேர் சொன்னார்...

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பட்டனை அழுத்தினாள். நம்பர் மறைந்தது.

"இனி மாட்டைச் சாக்குச் சொல்லி வர முடியாது."

"ஆமா..."

"உங்களுக்காகத்தான் வரணும். வரட்டுமா?"

அவர் தலையை ஆட்டிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவள் அந்த மஞ்சள் வில்லையை எடுத்துத் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள்.