இடக்கண் துடிக்கும் விளையாட்டு

செவ்வாயின் மூன்றாம் குடியிருப்பில் யாரும் செய்தி படிப்பதில்லை. காலையில் பல் துலக்கியதும் கண்ணுக்கு இரண்டு சொட்டு விட்டுக்கொள்வார்கள். அந்தச் செய்திச் சொட்டில் மிதக்கும் நுண்துகள்கள் விழித்திரையில் ஒட்டிக்கொண்டு மாலைவரை ஊர்க்கதையை ஓட்டிக் காட்டும். யார் வேண்டுமானாலும் பெயர் போடாமல் அதில் ஒரு வரி கலக்கலாம். கருத்துரிமை என்று அதற்குப் பெயர்.

அன்றைய சொட்டில் ஜெசிந்தா சிரித்தாள். தணிகைவேலனுக்கு வயிறு எரிந்தது.

இருவரும் ஒரே பட்டறையில் பக்கத்துப் பக்கத்து மேசையில் கணினி விளையாட்டு செய்பவர்கள். அவன் ஆறு வருடம் முதுகொடிய உழைத்து இருநூறு மணி நேரம் ஓடும் ‘வியாழன் போர்’ செய்திருந்தான். அவள் தனியாளாக ஒரே மாதத்தில் ஏழு நிமிட ‘ஒலிபெருக்கி’யை முடித்துவிட்டாள். அதில் ஓர் ஊர், ஒரே ஒலிபெருக்கி. ஆடுபவர் ஒரு வாக்கியம் அறிவிக்கலாம். ‘கிணற்றுத் தண்ணீர் கசக்கிறது’ என்றால் ஊரே முகம் சுளிக்கும், கிணற்றைத் தூர்க்கும், கடைசியில் தாகத்தில் அடித்துக்கொள்ளும். சொன்னதைத் திரும்பப் பெறப் பொத்தான் கிடையாது.

பூமிக்குப் போகும் கப்பலில் ஒரு விளையாட்டுக்குத்தான் இடம். ஊர் வாக்களிக்க மூன்று நாள் இருந்தது.

“ஏங்க, நீங்களும் ஒருதரம் ஆடிப் பாருங்களேன். எனக்கு அழுகையே வந்துருச்சு,” என்றாள் மனைவி பூங்கோதை.

“என்னோடத ஆடி நீ அழுதியா?”

“உங்களோடத நான் எங்க முடிச்சேன்!”

போதாதா? அன்றே சொட்டில் ஒரு வரி கலந்தான்: ‘ஒலிபெருக்கி ஆடியவர்களுக்கு இடக்கண் துடிக்கிறதாம்.’

ஆணுக்கு இடக்கண் துடித்தால் கெடுதல் என்ற நம்பிக்கை, ராக்கெட்டில் யார் மூட்டையிலோ ஒளிந்து செவ்வாய்வரை வந்திருந்தது. அதன் மறுபாதியை அவன் மறந்துபோனான். பெண்ணுக்கு இடக்கண் துடித்தால் நல்லது!

மறுநாள் குடியிருப்பின் பெண்களெல்லாம் வேலையைப் போட்டுவிட்டு ஒலிபெருக்கி ஆடினார்கள். துடித்தது என்றார்கள். துடிக்காதவர்கள் துடிக்கும்வரை ஆடினார்கள். ‘நாங்கள் என்ன பயந்தவர்களா?’ என்று ஆண்களும் ஆடினார்கள். அவர்களுக்கும் துடித்தது. வாக்குகள் ஜெசிந்தா பக்கம் குவிந்தன.

தணிகைவேலனால் பொறுக்க முடியவில்லை. கடைசி நாள் தன் பெயரைப் போட்டே உண்மையைக் கலந்துவிட்டான்: ‘அது நான் கட்டிவிட்ட கதை. யாருக்கும் கண் துடிக்கவில்லை.’

ஒருவரும் நம்பவில்லை. நாற்பதாயிரம் பேருக்குத் துடிப்பது பொய்யாகுமா? பொறாமையில் உளறுகிறான் என்றது ஊர். ஜெசிந்தாவின் விளையாட்டு கப்பலேறியது.

வீட்டுக்கு வந்தவனைப் பூங்கோதை உற்றுப் பார்த்தாள். “திருட்டுத்தனமா ஆடினீங்களா?”

“சத்தியமா தொடவே இல்லடி!”

“அப்புறம் ஏன் இடக்கண்ணு இப்படித் துடிக்குது?”

கண்ணாடியில் பார்த்தான். துடித்துக்கொண்டுதான் இருந்தது. தான் புளுகியது என்று தெரிந்தும், இதற்கு ஏதாவது பரிகாரம் சொல்லியிருக்கிறார்களா என்று பார்க்க, அவசரமாக இன்னும் இரண்டு சொட்டு விட்டுக்கொண்டான்.